காற்றை அளந்த கதை

நான் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்பவர்களுக்கு இன்றுவரை ஒரே வார்த்தையில் பதில் சொல்ல வந்ததில்லை. பேங்க், ரயில்வே, வாத்தியார் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, "மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?" என்று அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டார். என் சித்தப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஃபேக்டரி ஃபேக்டரியாப் போய்க் காத்தை அளக்கிறான்" என்றார். "கதை அளக்கிறவங்களைப் பாத்திருக்கேன். காத்தை அளக்கிறவரை இப்பத்தான் பாக்கிறேன்" என்று அவர் சொல்ல, கூடம் முழுக்கச் சிரிப்பு. நல்லவேளை, பெண் கொடுத்துவிட்டார்கள்.

சித்தப்பா சொன்னதில் தப்பில்லை. வேதியியல் படித்துவிட்டு, தொழிற்சாலைகளின் காற்றில் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளந்து சொல்லும் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தேன். பணி ஓய்வு பெறும்வரை அதே வேலைதான். இதுவரை இங்கே ஊர், பள்ளிக்கூடம், பயணம் என்று எழுதியிருக்கிறேனே தவிர, சோறு போட்ட வேலையைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. இன்றைக்கு எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் விஞ்ஞானம் வரும், கொஞ்சம் கணக்கும் வரும். பயப்பட வேண்டாம், எல்லாம் ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

முதலில் எல்லோரும் கேட்கும் கேள்வி: காற்று கெட்டிருந்தால் மூக்குக்குத் தெரியாதா, எதற்கு அளக்க வேண்டும்?

மூக்கை நம்பினால் மோசம் போவோம். ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று ஒரு வாயு. சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டிகளிலும் உண்டாவது. பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குகூட வேண்டாம், அதற்கும் கீழேயே அழுகிய முட்டை நாற்றம் வந்துவிடும். ஆனால் அதே வாயு பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு ஏறினால், சில நிமிடங்களில் மூக்கின் உணர்வே மரத்துப்போகும். உள்ளே இறங்கியவர் "நாத்தம் போயிருச்சு" என்று நினைப்பார். போனது நாற்றமல்ல, மூக்கு. கார்பன் மோனாக்சைடுக்கோ நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

தூசியும் அப்படித்தான். ஜன்னல் வழியாக விழும் வெயிலில் மினுமினுப்பாகப் பறக்கிறதே, அந்தப் பெரிய தூசியில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் மாட்டிக்கொள்ளும், சளியோடு வெளியே வந்துவிடும். நுரையீரலின் கடைசி அறைவரை போவது அதைவிடப் பொடியானது, ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் சிறியது. மணலில் இருக்கிறதே குவார்ட்ஸ், அதன் துகள் ஒன்று ஒரு மைக்ரான் பருமன் இருந்தால், அசையாத காற்றில்கூட ஆள் உயரத்திலிருந்து தரைக்கு இறங்க நாலைந்து மணி நேரம் ஆகும். அதாவது ஒரு ஷிஃப்டில் பாதி நேரம் அது மூக்கு மட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது.

அந்தக் காலத்தில் சுரங்கங்களுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானியின் யோசனைப்படி, சின்னக் குருவிகளைக் கூண்டில் வைத்து உள்ளே எடுத்துப் போனார்கள். கேனரி குருவி. கார்பன் மோனாக்சைடு இருந்தால் மனிதனுக்கு முன்பாகக் குருவி சுருண்டு விழும், ஆட்கள் ஓடி வந்துவிடலாம். பிரிட்டனில் 1986-இல்தான் குருவிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு எலக்ட்ரானிக் கருவிக்கு மாறினார்கள்.

ஆனால் குருவி சொல்வது இந்த நிமிடத்து ஆபத்தை மட்டும்தான். பதினைந்து வருடம், இருபது வருடம் மெல்ல மெல்லக் கொல்லும் பொருளைக் குருவியால் சொல்ல முடியாது. அதற்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்ற கணக்கு வேண்டும். என் பிழைப்பு அந்தக் கணக்குதான்.

எப்படி அளப்போம் என்று சொல்கிறேன். ஆவியாக இருக்கும் பொருளுக்கு ஒரு முறை, தூசிக்கு ஒரு முறை.

செருப்பு ஒட்டும் பசை, பெயின்ட், தின்னர் இவற்றிலிருந்து வரும் டொலுவீன், பென்சீன் ஆவிகளைப் பிடிக்க ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. சுண்டுவிரல் நீளம், பென்சில் கனம்கூட இருக்காது. உள்ளே கறுப்பாகக் குருணை குருணையாக இருப்பது என்ன தெரியுமா? நம் ஊர்க் கொட்டாங்குச்சிக் கரி. பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் கொட்டாங்குச்சியைச் சுட்டுக் கரியாக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கரியை மேலும் பக்குவப்படுத்தினால் அதில் கோடிக்கணக்கான நுண்துளைகள் விழும். அப்படிப்பட்ட கரி ஒரு கிராம் எடுத்து, அந்தத் துளைகளின் சுவர்களையெல்லாம் விரித்துப் போட்டால் சுமார் 1000 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் 25 சென்ட் நிலம். குழாயில் இருப்பது 150 மில்லிகிராம் கரிதான், அதுவே மூன்றரை சென்ட்டுக்கு மேல். காற்று அதன் வழியாகப் போகும்போது ஆவி அந்த நிலத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கரியை இரண்டு பகுதியாக அடைத்திருப்பார்கள். முன்னால் 100 மில்லிகிராம், பின்னால் 50. ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து இரண்டையும் தனித்தனியாகக் கார்பன் டைசல்ஃபைடில் ஊறவைத்து, ஒட்டியதை வெளியே எடுத்து, கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற கருவியில் பார்ப்போம். பின்பகுதியில் உள்ளது முன்பகுதியில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், முன்வரிசை நிரம்பி வழிந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குழாயைக் கணக்கில் சேர்க்க மாட்டோம்.

தூசிக்கு வேறு ஏற்பாடு. பம்பு காற்றை இழுக்கும்போது, முதலில் ஒரு சின்னக் கூம்புக்குள் அதைச் சுழல விடுவோம். சைக்ளோன் என்று பெயர். முறத்தில் புடைப்பது மாதிரிதான். கனமானது சுவரில் மோதிக் கீழே விழுந்துவிடும், லேசானது மட்டும் மேலே வடிகட்டித் தாளில் போய் உட்காரும். வீட்டில் புடைக்கும்போது பதரைத் தள்ளிவிட்டு மணியை வைத்துக்கொள்வோம். இங்கே மணி வேண்டாம், பதர்தான் வேண்டும், ஏனென்றால் நுரையீரலின் அடிவரை போவது அதுதான். காலையில் தாளை எடை போட்டு வைப்போம். வேலை முடிந்ததும் மறுபடி எடை. வித்தியாசம் ஒரு மில்லிகிராம்கூட இருக்காது. அந்தத் தராசு இருக்கும் அறையில் ஃபேன் போட மாட்டோம், மூச்சைக்கூட அடக்கித்தான் விடுவோம்.

பம்பு நிமிடத்துக்கு 1.7 லிட்டர் இழுக்கிறதா என்று சரிபார்க்க நாங்கள் வைத்திருந்தது சோப்புக் குமிழி. அளவு போட்ட கண்ணாடிக் குழாயின் அடியில் குமிழி விட்டால், பம்பின் இழுப்பில் அது மேலே ஏறும். ஸ்டாப்வாட்ச் வைத்து எத்தனை நொடியில் எவ்வளவு ஏறியது என்று பார்ப்போம். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. இரண்டுக்கும் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றைய உழைப்பு வீண். எங்கள் ஆய்வகத்துக்கு வந்த என் பெண், "அப்பா ஆபீஸ்ல சோப்பு நுரை விட்டு விளையாடுறாங்க" என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிட்டாள்.

கருவியெல்லாம் சரி. இதில் முக்கியமான கேள்வி, அதை எங்கே வைப்பது என்பதுதான்.

முன்பு ஸ்டாண்டில் பொருத்தி, பட்டறையின் ஒரு மூலையில் நிறுத்திவிடுவார்கள். இங்கிலாந்தில் ஹார்வெல் அணு ஆராய்ச்சி நிலையத்தில் ஷெர்வுட் என்பவரும் அவருடைய சகாவும் 1960-இல் ஒரு காரியம் செய்தார்கள். பேட்டரியில் ஓடும் சின்னப் பம்பு ஒன்றைச் செய்து, வேலை செய்கிறவர் மேலேயே மாட்டிவிட்டார்கள். பார்த்தால், ஸ்டாண்டு காட்டியதைவிட ஆள்மேல் மாட்டியது பல மடங்கு அதிகமாகக் காட்டியது. யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. தாளிக்கிற அம்மாவுக்கு வரும் தும்மல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கு வராது. அதிலிருந்து, மூக்கைச் சுற்றி ஒரு அடி தூரத்துக்குள் உள்ள காற்றைத்தான் அளக்க வேண்டும் என்பது எங்கள் துறையின் பால பாடமாகிவிட்டது. சட்டைக் காலரில் குழாய், இடுப்பு பெல்ட்டில் பம்பு.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு பவுண்டரி. பம்புசெட்டுக்கான இரும்பு பாகங்களை வார்ப்பவர்கள். பெயர் வேண்டாம். பவுண்டரி பார்க்காதவர்களுக்காக: மணலில் அச்சு செய்து, அதற்குள் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். ஆறியதும் அச்சை உடைத்து வார்ப்பை எடுப்பார்கள். அதில் ஒட்டிக் கருகிய மணலையும் இரும்புப் பிசிறையும் கிரைண்டர் வைத்துத் தேய்த்து எடுக்க வேண்டும். அந்த இடத்துக்கு ஃபெட்லிங் ஷாப் என்று பெயர். மணல் என்றால் பெரும்பாலும் குவார்ட்ஸ். அதைத்தான் சிலிக்கா என்கிறோம். அது பொடியாகி நுரையீரலுக்குள் போனால் அங்கே தழும்பு கட்டும். வருடக்கணக்கில் தழும்பு பெருகி, மூச்சு வாங்க இடமில்லாமல் போகும். சிலிக்கோசிஸ். தழும்பைக் கரைக்க மருந்து கிடையாது.

நாங்கள் போய் இறங்கியதுமே மேனேஜர், "போன தடவை வந்தவங்க ஸ்டாண்டுல வச்சுட்டு, டீ குடிச்சுட்டுப் போனாங்க. சிம்பிளா முடிஞ்சுது" என்றார். நாங்கள் ஸ்டாண்டிலும் ஒன்று வைத்தோம், நான்கு பேர் மேலும் மாட்டினோம். முதல் நாள் பார்த்தால் தரையெல்லாம் தண்ணீர் தெளித்து, கோயில் வாசல் மாதிரி இருந்தது. கோலம்தான் பாக்கி. கிரைண்டர்களில் பாதி ஓடவில்லை. நான் ஒன்றும் பேசாமல் உற்பத்திப் புத்தகத்தை வாங்கி, வழக்கமாக ஒரு நாளில் எத்தனை வார்ப்பு, அன்றைக்கு எத்தனை என்று குறித்துக்கொண்டேன். வழக்கத்தில் பாதிதான். எங்கள் வழக்கப்படி இரண்டு நாள் அளக்க வேண்டும். இரண்டாம் நாள் சரக்கு ஏற்ற லாரி வாசலில் நின்றது. தண்ணீர் தெளிக்கவும் நேரமில்லை, கிரைண்டரை நிறுத்தவும் முடியவில்லை. அன்றைக்குத்தான் அந்த ஷாப்பின் உண்மையான முகத்தைப் பார்த்தேன். மாலையில் வீட்டுக்குக் கிளம்பும் முன், கம்ப்ரெசர் ஹோஸை எடுத்து ஒருவர் சட்டையை மற்றவர் ஊதிச் சுத்தம் செய்துகொண்டதையும் பார்த்தேன். நாள் முழுக்கச் சட்டையில் படிந்த தூசி இரண்டு நிமிடத்தில் மூக்குக்கு நேரே எழும்பியது.

என்னிடம் பம்பு மாட்டிக்கொண்ட நால்வரில் ஒருவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஃபெட்லிங்கில் மட்டும் இருபது வருடம். முகத்தில் துண்டு கட்டியிருந்தார். பொடித் தூசிக்கு அந்தத் துண்டு ஒரு தடையே இல்லை. காலரில் நான் கிளிப்பை மாட்டும்போது கேட்டார்.

"ஏனுங் சார், இது என்ன சொல்லுமுங்க?"

"நீங்க இழுக்கிற மூச்சுல எவ்வளவு தூசி இருக்குன்னு சொல்லுங்க."

"எனக்குச் சொல்லுமுங்களா, மொதலாளிக்குச் சொல்லுமுங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் அறிக்கை போவது நிர்வாகத்துக்கு. மேலே 'ரகசியம்' என்று முத்திரை வேறு இருக்கும். அப்படித்தான் வழக்கம். பம்பைச் சுமந்தவர் ஒரு நாள் முழுக்கச் சுமந்துவிட்டுக் கழற்றிக் கொடுப்பார், அதோடு சரி.

ஊருக்கு வந்து எங்கள் பிரிவுத் தலைவரிடம் இதைச் சொன்னேன். கடுகடுப்பான மனிதர், சிரித்துப் பார்த்ததில்லை. அலமாரியிலிருந்து தொழிற்சாலைச் சட்டத்தை எடுத்தார். போபால் விபத்துக்குப் பிறகு 1987-இல் அந்தச் சட்டத்தைத் திருத்திப் புதிய பிரிவுகள் சேர்த்திருந்தார்கள். ஆபத்தான தொழில்களில் உள்ள அபாயங்களைத் தொழிலாளிக்கு நிர்வாகம் தெரிவிக்க வேண்டும் என்பது 41-பி. தன் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவலை நிர்வாகத்திடம் கேட்டுப் பெறத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்பது 111-ஏ. இரண்டையும் உரக்கப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். "அவன் மூச்சு. அவன்கிட்ட என்னய்யா ரகசியம்?" என்றார்.

அதிலிருந்து பம்பு மாட்டிக்கொண்ட ஒவ்வொருவருக்கும் அரைப் பக்கத்தில் ஒரு தாள் தமிழில் தயாரித்தோம். தேதி, செய்த வேலை, எத்தனை மணி நேரம், கிடைத்த அளவு, சட்டம் சொல்லும் வரம்பு, இதற்கு என்ன அர்த்தம். நிர்வாகத்துக்கு அறிக்கை தரும்போதே இந்தத் தாள்களையும் சேர்த்துக் கொடுத்து, உரியவரிடம் சேர்ப்பித்துக் கையெழுத்து வாங்கி அனுப்பச் சொன்னோம்.

அந்த பவுண்டரியின் கணக்கைச் சொல்கிறேன். புரிவதற்கு வசதியாக எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கியிருக்கிறேன். ஏழு மணி நேரம், நிமிடத்துக்கு 1.7 லிட்டர் என்றால் 714 லிட்டர் காற்று. தாளில் ஏறிய எடை 0.86 மில்லிகிராம். ஒரு கன மீட்டருக்குக் கணக்கிட்டால் 1.2 மில்லிகிராம். இனி வரம்பு. சிலிக்கா தூசிக்குச் சட்டத்தில் ஒரு சூத்திரம் இருந்தது. தூசியில் குவார்ட்ஸ் எத்தனை சதவீதம் என்று பார்த்து, அதோடு 2-ஐக் கூட்டி, வந்த எண்ணால் 10-ஐ வகுக்க வேண்டும். இங்கே குவார்ட்ஸ் 18 சதவீதம். 18-உம் 2-உம் 20. பத்தை இருபதால் வகுத்தால் 0.5. வரம்பு 0.5, அந்த மனிதர் சுவாசித்தது 1.2. இரண்டு மடங்குக்கும் மேல். அதே நாள், அதே ஷாப்பில், நாலு மீட்டர் தள்ளி நின்ற ஸ்டாண்டு காட்டியது 0.35. ஸ்டாண்டு பாஸ், மனிதர் ஃபெயில்.

முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. கெட்ட மனிதர் அல்ல. அப்பா காலத்துப் பட்டறையைப் பெரிதாக்கியவர், பண்டிகைக்கு எல்லோருக்கும் வேட்டி எடுத்துக் கொடுப்பவர். "நானும் தினம் ஷாப்புக்குள்ள போறேனுங்க. ஒரு தூசியும் கண்ணுல படலியே" என்றார். படாதுதான். அன்று இருட்டியதும் ஷாப்பின் விளக்குகளை அணைக்கச் சொல்லி, ஒரு கிரைண்டரை மட்டும் ஓட்டச் சொன்னோம். வேலை செய்கிறவருக்குப் பின்பக்கத்திலிருந்து பலமான ஒரு விளக்கை நம்மை நோக்கி அடித்தோம். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் பொடித் தூசி பளிச்சென்று தெரியும். கல்லூரியில் டின்டால் விளைவு என்று படித்திருப்பீர்கள், அதுவேதான். கிரைண்டர் சக்கரத்திலிருந்து புகை மாதிரி ஒன்று எழுந்து, அந்த ஆளின் நெஞ்சைத் தொட்டு, துண்டின் இரண்டு பக்கமும் நுழைந்து, தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. முதலாளி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "லைட்டப் போடுங்க" என்றார். எண்ணைக் காட்டி ஒரு மணி நேரம் பேசியும் நடக்காதது அந்த இரண்டு நிமிடத்தில் நடந்தது.

ஆறு மாதம் கழித்து மறுபடி அழைத்தார். ஒவ்வொரு கிரைண்டருக்கும் பக்கத்திலேயே தூசியை இழுக்கும் கூடு வைத்து, குழாய் போட்டு வெளியே பைக்குள் சேர்த்திருந்தார். விளக்குமாற்றால் வறட்டுப் பெருக்கலை நிறுத்தியாயிற்று. கம்ப்ரெசர் ஹோஸைச் சட்டைக்குப் பிடிக்கக்கூடாது என்று எழுதி மாட்டியிருந்தார்கள். அளந்ததில் 0.3. அந்த முறையும் நான்கு பேருக்கும் தாள் கொடுத்தோம்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் சந்தோஷமாக முடித்துவிடுவேன். எட்டு வருடம் கழித்து ஒரு நாள் ஆய்வகத்துக்கு ஒரு போன். இளம்பெண் குரல். "எங்கப்பாவுக்கு நீங்க ஒரு சீட்டுக் கொடுத்தீங்களாமுங்க. அதுல இருக்கிற நம்பருக்கு அர்த்தம் டாக்டருக்குச் சொல்லணுமுங்க." விசாரித்தால் அதே மனிதர். மூச்சிறைப்பு, இருமல், எடை குறைவு. டி.பி. என்று இரண்டு முறை மருந்து முழுதாகச் சாப்பிட்டிருக்கிறார். சளியில் கிருமி தெரியவில்லை, இறைப்பும் நிற்கவில்லை. சிலிக்கோசிஸும் டி.பி.யும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி. சிலிக்கா தின்ற நுரையீரலில் டி.பி. சுலபமாக வந்து குடியேறவும் செய்யும். அதனால் குழப்பம் சகஜம்.

நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு, "என்ன தொழில் செய்கிறாய்?" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி 1700-லேயே எழுதி வைத்தார். முந்நூறு வருடம் ஆகியும் நம் ஓ.பி. சீட்டில் அந்தக் கேள்விக்கு ஒரு கட்டம் கிடையாது. இவரிடமும் யாரும் கேட்கவில்லை. ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருந்த அந்த அரைப் பக்கத்தை மகள்தான் எடுத்துப் போய்ப் புதிய டாக்டரின் மேஜையில் வைத்திருக்கிறாள்.

டாக்டரிடம் போனில் பேசினேன். பொறுமையாகக் கேட்டார். பழைய எக்ஸ்ரேக்களை வரிசையாக வைத்துப் பார்க்கிறேன் என்றார். சிலிக்கோசிஸ் என்று முடிவாயிற்று. அதன் பிறகு ஈ.எஸ்.ஐ.யில் தொழில்சார் நோய் என்று ஏற்க வைக்க அந்தக் குடும்பம் ரொம்ப அலைந்தது. எங்கள் தாள் ஒன்றே போதவில்லை. வேலை பார்த்த வருடங்களுக்கான பதிவு, எக்ஸ்ரே, மருத்துவக் குழு என்று பல படிகள். ஆனால் மற்ற எல்லாவற்றையும் கேட்க ஆரம்பிக்க ஒரு பிடி வேண்டுமே, அதை அந்தத் தாள் கொடுத்தது. கடைசியில் மாதாமாதம் ஒரு தொகை வந்தது. போன நுரையீரல் வரவில்லை.

ஒரு முறை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். நாலு வார்த்தை பேசிவிட்டு நிறுத்தி மூச்சு வாங்கிப் பேசினார். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. கேட்டது ஒன்றுதான். "பையனும் அங்கயேதானுங் சார் வேலைக்குப் போறான். போலாமுங்களா?"

இருபது வருடம் காற்றை அளந்தவனுக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். என்னால் சொல்ல முடிந்தது இதுதான்: "உங்க காலத்துக்கு இப்ப நாலுல ஒரு பங்கு. ஆனா வரம்புக்குக் கீழ இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு அர்த்தம் இல்லைங்க. அவன் எந்த மெஷின்ல நிக்கிறான், கூடு ஓடுதா, அவன் நம்பர் என்னன்னு வருஷா வருஷம் கேட்கச் சொல்லுங்க." அந்த வரம்புகளே காலப்போக்கில் இறங்கிக்கொண்டேதான் வருகின்றன. அமெரிக்காவில் 2016-இல் கொண்டுவந்த விதிப்படி, காற்றில் சிலிக்கா மட்டும் கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம்தான் இருக்கலாம். நாங்கள் 0.3 என்று சந்தோஷப்பட்ட தூசியில் 18 சதவீதம் என்று போட்டால் 54 வருகிறது. நம் பாஸ் அங்கே ஃபெயில்.

இதெல்லாம் பவுண்டரிக்காரர்கள் சமாச்சாரம் என்று விட்டுவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் சமையலறை மேடைக்குப் போடும் செயற்கைக் கல்லை 2024 ஜூலை முதல் தடை செய்துவிட்டார்கள். அதில் சிலிக்கா மிக அதிகம். அதை அறுத்த இளைஞர்கள் சில வருடங்களிலேயே நோயில் விழுந்ததுதான் காரணம். நம் வீட்டு கிரானைட்டிலும் குவார்ட்ஸ் உண்டு. வீட்டில் கல் பதிக்க வந்தவர் வறட்டுக் கல்லை மெஷினில் அறுத்து, தெருவையே வெள்ளையாக்குவதைப் பார்த்தால், ஒரு வாளித் தண்ணீர் கொடுத்து ஈரத்தில் அறுக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு ஒரு நாள் தூசி, அவருக்குத் தினம் தினம்.

உங்கள் பிள்ளைகளோ பேரன் பேத்திகளோ பெயின்ட் ஷாப்பிலோ, பேட்டரி ஃபேக்டரியிலோ, மருந்துக் கம்பெனியிலோ வேலை பார்த்தால், "எங்க கம்பெனியில காத்து டெஸ்ட் பண்ணி ஓகேன்னுட்டாங்க" என்று சொல்வார்கள். சந்தோஷம். கூடவே நாலு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். கருவி எங்கே இருந்தது, ஸ்டாண்டிலா, ஆள் மேலா? எத்தனை மணி நேரம் ஓடியது? அன்றைக்கு வேலை வழக்கம்போல நடந்ததா? என் எண் என்ன? நாலாவதைக் கேட்கத்தான் எல்லோருக்கும் தயக்கம். ரத்தப் பரிசோதனை செய்தால் ரிப்போர்ட்டைக் கையில் வாங்காமல் லேபை விட்டு நகர்கிறோமா? மூச்சுக்கும் அதே நியாயம்தான்.

எங்கள் தலைவர் காலமாகிவிட்டார். அந்த அரைப் பக்கத் தாளின் வெற்றுப் படிவம் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது இதே வேலையில் இருக்கும் இளைஞர்கள் யாராவது இதைப் படித்தால் கேளுங்கள், நகல் எடுத்து அனுப்புகிறேன். தபால் செலவு என்னுடையது.